நயாகராவில் ‘இனுயிட் கல் சிற்பம்’ வாங்கப் போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து யார் வந்தாலும் கனடாவில் இருக்கும் நாம் நயாகராவுக்குத்தான் கூட்டிப்போகிறோம். அங்கே அருவிப் பக்கத்து நினைவுப்பொருள் கடை ஒன்றில் என்னை ஏமாற்றிவிட்டார்கள்.

சென்னை திரும்பும் அத்தானுக்குக் கொடுக்க, கனடாவின் வடகோடிப் பனிப்பகுதியில் வாழும் பழங்குடிகளான இனுயிட் மக்கள் செதுக்கியது என்று சொல்லி விற்ற ஒரு சிற்பம் வாங்கினேன். சீல் என்ற கடல்நாய் மூச்சுவிட வரும் பனித்துளைக்கு மேல் குனிந்து, ஈட்டியை ஓங்கி நிற்கும் வேட்டைக்காரன். “நுனாவுட்டில் கையால் செதுக்கினது, அசல் கல்” என்றார் விற்பனையாளர். நுனாவுட் என்பது இனுயிட் மக்கள் வாழும் வடபகுதி. ரசீதிலும் அப்படியே எழுதித் தந்தார். வரியோடு 390 டாலர்.

வீட்டில் அடிப்பக்கத்துத் துணி ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது. உரித்தால் உள்ளே ஊசிமுனை அளவில் காற்றுக்குமிழித் துளைகள். பக்கவாட்டில், கால் முதல் தொப்பி வரை மெல்லிய அச்சுக்கோடு. ஈட்டி, கை, உடம்பு எல்லாம் ஒரே வார்ப்பு. கல்தூளை ரெசின் என்ற செயற்கைப் பிசினில் குழைத்து ஊற்றியிருக்கிறார்கள். அசல் வேலையில் ஈட்டியைப் பெரும்பாலும் கரிபூ மான்கொம்பிலோ எலும்பிலோ தனியாகச் செய்து, கைமுட்டியில் துளையிட்டுச் செருகுவார்கள். கல்லும் தொட்டதும் சில்லென்று இருக்கும். இது பிளாஸ்டிக் போல வெதுவெதுப்பாக இருந்தது.

பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை: அந்தத் துளையருகே அசையாமல் மணிக்கணக்கில் காத்து நிற்பது இனுயிட் மக்களின் சோற்றுக்கான வேட்டை. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், குளிரில் வெளியே நின்று கல்தூசியில் செதுக்குகிறார்கள். நுனாவுட்டின் கின்கைட் போன்ற சிற்றூர்களில் பல குடும்பங்களுக்கு அதுவும் ஒரு வருமானம். அச்சில் வார்த்தவன் அதைத்தான் திருடுகிறான்.

இக்லூ என்ற பனிவீட்டின் படம் போட்ட அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அசல் இனுயிட் வேலை என்று காட்ட கனடா அரசு 1958இல் கொண்டுவந்த முத்திரை அது. 2017 முதல் இனுயிட் கலை அறக்கட்டளை கையில் இருக்கிறது. அட்டை இல்லாத அசலும் உண்டு. அப்போது சிற்பியின் பெயரையும் ஊரையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். அலமாரியில் அதே உருவம் அதே மடிப்புகளோடு இன்னொன்று இருந்தால் விலையே கேட்காதீர்கள்.

திரும்பப் போனபோது, “விற்ற பொருளை எடுக்க மாட்டோம்” என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்கள். கடையில் அப்படி எழுதிய அறிவிப்புப் பலகையைப் பார்த்து நீங்கள் திரும்பி வந்துவிட வேண்டாம். பொய் சொல்லி விற்றிருந்தால், ஒன்டாரியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஓராண்டுக்குள் எழுத்தில் கேட்டு வாங்கியதை ரத்து செய்யலாம். ரசீது, அடிப்பக்கப் படங்களோடு நான் கடிதம் கொடுத்துவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் அடித்துணியை உரித்துப் பாருங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள்.