காசல்ரீ கரையில் சிறுவர் தூண்டில் போட்டி: பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் நடத்தும் இந்தப் போட்டிக்குத் தாராளமாகப் போகலாம். தூண்டிலை அவர்களே தருகிறார்கள்: 10 அடி மூங்கில் கம்பு, கம்பின் நீளத்துக்கே தங்கூசி (நைலான் தூண்டில் நூல்), தக்கை, சின்ன ஈயம், 10ஆம் நம்பர் முள். நூல் சுற்றும் சில்லு எதுவும் இல்லாததால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் கைக்கு அடங்கும். முள் கழலாமல் பின்னோக்கி நிற்கும் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கி வைத்திருப்பது அருமையான வேலை. விரலில் ஏறினாலும் வந்த வழியே கழன்றுவிடும்.

இரை மண்புழு. முழுப் புழுவைக் கோர்த்துவிடாதீர்கள். இங்கே பிடிக்கும் திலாப்பியா மீனின் வாய் சிறியது, தொங்கும் வாலை மட்டும் பிய்த்துக்கொண்டு போய்விடும். அரை அங்குலத் துண்டு போதும். தக்கை ஆடும்போது பொறுத்து, அமிழும்போது மணிக்கட்டை மட்டும் உயர்த்தச் சொல்லுங்கள். மீனைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி, முதுகு முட்களைப் படியவைத்துப் பிடிக்க வேண்டும். மாறித் தடவினால் உள்ளங்கையில் குத்தும்.

ஆனால் பிள்ளைகளை இரண்டடிக்கு ஒருவராக நிறுத்துகிறார்கள், தங்கூசி சிக்காமல் என்ன செய்யும்? ஆறடியாவது வேண்டும். காலை ஆறரைக்குத் தொடங்குவதும் வீண். திலாப்பியா வெதுவெதுப்பான நீரைத் தேடும் மீன். வெயில் ஏறிய பிறகே கரையோரம் நன்றாகக் கடிக்கும்.

மின் உற்பத்திக்குத் தண்ணீர் எடுத்து மட்டம் இறங்கிய நாட்களில் கரைச்சேறு கால்களை உள்ளே வாங்கும். அப்படியிருந்தும் உயிர்காப்பு அங்கி எல்லாருக்கும் கொடுப்பதில்லை. இதை ஏற்கவே முடியாது. அங்கி கிடைக்காத பிள்ளையைக் கரையில் இறக்காதீர்கள்.