பிரசவ லீவு: 26 வாரத்தை எப்படி எடுப்பது, அதற்கு மேல் எதைக் கேட்பது?

பிரசவ லீவு பற்றிப் பேச மேனேஜர் அறைக்குள் போகும் பெண்கள் பெரும்பாலும் "எவ்வளவு நாள் சார் தருவீங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து அப்படி ஆரம்பிக்காதீர்கள். 1961 மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்ததை 2017 திருத்தம் 26 ஆக்கியது. அந்தச் சட்டம் இப்போது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆனாலும் 26 வாரம் அப்படியேதான் இருக்கிறது. பத்துப் பேராவது வேலை பார்க்கிற இடமாக இருந்து, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் நீங்கள் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். ப்ரொபேஷனில் இருந்தாலும் உண்டு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால்தான் 12 வாரமாகக் குறையும். அதனால் 26 வாரத்தில் பேரம் பேச எதுவும் இல்லை. அதை எந்தத் தேதியிலிருந்து எடுப்பது, முடிந்த பிறகு எப்படித் திரும்பி வருவது, இந்த இரண்டுக்குத்தான் பேச்சுவார்த்தை.

நான் கோவையில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் சம்பளக் கணக்குப் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இரண்டு குழந்தைகளுக்கும் லீவு எடுத்திருக்கிறேன், மற்றவர்களின் லீவுக் கணக்கையும் போட்டிருக்கிறேன்.

முதலில் தேதி விஷயம். பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம் என்கிறது சட்டம். நம் வீடுகளில் ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அன்றைக்கே அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், லீவும் அதை ஒட்டியே ஆரம்பித்துவிடும். முதல் குழந்தைக்கு நானும் அப்படித்தான் செய்தேன். எட்டு வாரம் அம்மா வீட்டில் மாதுளம்பழம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன், டாக்டர் சொன்ன தேதி தாண்டி ஒரு வாரம் கழித்துத்தான் பையன் பிறந்தான். மொத்தம் 182 நாளில் 63 நாள் அங்கேயே போய்விட்டது. மிச்சம் 119 நாள். நாலு மாதம்கூட நிறையாத பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள், 26 வாரம் என்பதும் கிட்டத்தட்ட அதே ஆறு மாதம்தான். அதில் ஒவ்வொரு வாரத்தை முன்னால் செலவழிக்கும்போதும் அந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்கிறோம்.

இரண்டாவது குழந்தைக்கு மாற்றிச் செய்தேன். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனேன், ஆனால் லேப்டாப்புடன். கடைசி நாலு வாரம் வீட்டிலிருந்து வேலை என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தேன். டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்புதான் லீவை ஆரம்பித்தேன், அவளும் சொன்ன தேதியிலேயே பிறந்தாள். 25 வாரம் பிள்ளையோடு இருந்தேன். நின்றுகொண்டே பார்க்கும் வேலை, மில் வேலை, ஆஸ்பத்திரி நைட் ஷிஃப்ட் எல்லாம் இதற்கு ஒத்துவராது. பிரஷர், சர்க்கரை இருந்தாலும் வேண்டாம், உடம்பை வருத்தி நாளைச் சேமிக்காதீர்கள். மற்றபடி உட்கார்ந்து பார்க்கும் வேலைதான் என்றால் நான் பின்னால் எடுப்பதன் பக்கம்தான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், சம்பளப் பிரிவில் இருப்பதால் இது எனக்கு முக்கியம். வாரம் என்றால் ஞாயிறும் சேர்த்து ஏழு நாள். இதை உறுதி செய்த வழக்கே நம் பக்கத்திலிருந்து போனதுதான். தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு எஸ்டேட் நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டுப் பணம் கொடுக்க, அவர் கோவை தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார், அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1977இல் ஞாயிறும் சேரும் என்று தீர்ப்பானது. இன்றைக்கு ஐடி கம்பெனியில் இருக்கிறவருக்கும் 182 நாள் சம்பளம் வருவதில் அந்தத் தோட்டத்து அம்மாவின் பங்கு இருக்கிறது.

சரி, 26 வாரம் முடியப் போகிறது, திரும்பிப் போக மனசு இல்லை. அப்போது நான்கு வழி இருக்கும்: சம்பளம் இல்லா லீவு, வீட்டிலிருந்து வேலை, அரைநாள் வேலை, ராஜினாமா.

எல்லாரும் முதலில் கேட்பது சம்பளம் இல்லா லீவைத்தான், ஏனென்றால் நிர்வாகம் எளிதாகக் கொடுப்பதும் அதைத்தான், அவர்களுக்குக் காசு செலவில்லை. அதைக் கேட்கும் முன்னால் ஒரு விஷயம். பிரசவத்தாலோ குறைமாதப் பிரசவத்தாலோ உடம்புக்கு முடியாமல் போனால், டாக்டர் சான்றிதழோடு மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் லீவு சட்டத்திலேயே இருக்கிறது. இத்தனை வருடத்தில் இதைக் கேட்டு வந்தவர்கள் என் கண்ணில் இரண்டே பேர். தையல் ஆறாமல், காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்த ஒரு பெண் அது தெரியாமல் எல்ஓபி, அதாவது சம்பளம் இல்லா லீவு போட்டு ஒரு மாதச் சம்பளத்தை இழந்தாள். லீவு முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது, இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சம்பளம் இல்லா லீவில் சம்பளம் மட்டும் நிற்பதில்லை. அந்த மாதங்களுக்கு பிஎஃப் பணமும் ஏறாது, பல இடங்களில் அப்ரைசல் கணக்கும் தள்ளிப்போகும். மெடிக்கல் இன்சூரன்ஸ் தொடருமா, குழந்தையின் பெயரைச் சேர்த்தாகிவிட்டதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். மூன்று மாத இஎம்ஐயைக் கணவர் சம்பளத்தில் சமாளிக்க முடியும், வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆளே இல்லை என்றால் இதுதான் நேர்மையான வழி, ஏனென்றால் இதில் மட்டும்தான் நீங்கள் முழுசாகப் பிள்ளையோடு இருப்பீர்கள்.

வீட்டிலிருந்து வேலை என்பது கேட்க இனிக்கும். வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இரு தரப்பும் பேசிக்கொண்டு செய்யலாம் என்று சட்டமும் சொல்கிறது, ஆனால் அது உரிமை இல்லை, நிர்வாகம் ஒத்துக்கொண்டால்தான். என் தோழி ஒருத்தி இதை எடுத்தாள். ஒருநாள் மதியம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் டைப் செய்துகொண்டிருந்தாள், காதில் ஹெட்செட், மேஜையில் காலை இட்லி அப்படியே காய்ந்து கிடந்தது. அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்று பேசும்போது மட்டும் மைக்கை ஆன் செய்வாள். வீட்டில்தானே இருக்கிறாள் என்று மாமியாரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார், வீட்டில்தானே இருக்கிறாள் என்று டீமில் ராத்திரி ஒன்பதுக்கும் கால் போட்டார்கள். பிள்ளையைப் பார்க்க இன்னொரு ஆள் வீட்டிலேயே இருந்தால் மட்டும் இதைக் கேளுங்கள், அதிலும் வேலை நேரத்தைக் குறிப்பிட்டு வாங்குங்கள்.

என் ஓட்டு அரைநாளுக்கு. இரண்டு மாதம், காலை 9.30 முதல் 1.30 வரை, பாதிச் சம்பளம். பால் கட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம், பிள்ளையும் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் இல்லாமைக்குப் பழகும், கூழ் கொடுக்க ஆரம்பிக்கிற சமயம் வேறு. முதல் பிள்ளைக்கு முழுநாள் போனபோது ஆபீசில் பால் எடுக்க எனக்குக் கிடைத்த இடம் பழைய ஃபைல் போடும் அறை. தாழ்ப்பாள் கிடையாது. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதிலேயே உட்கார்ந்து எடுப்பேன், யாராவது வெளியிலிருந்து தள்ளினால் முதுகில் இடிக்கும். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை, 50 பேரோ அதற்கு மேலோ என்றால் குழந்தைக் காப்பகம், அங்கே ஒரு நாளைக்கு நாலு முறை போய்வர அனுமதி, எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. அரைநாளில் உள்ள ஆபத்து, பாதிச் சம்பளத்துக்கு முழு வேலையும் தலையில் விழுவது. அதனால் எந்தெந்த வேலை யாரிடம் போகிறது என்பதையும் எழுதிவிட வேண்டும், 1.15க்கு மீட்டிங் வைக்கக் கூடாது என்பது உட்பட.

ராஜினாமா பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. வேறு வழியே இல்லாவிட்டால் செய்யுங்கள், ஆனால் பிரசவமாகி உடம்பும் மனசும் ஓய்ந்திருக்கிற அந்த வாரங்களில் முடிவெடுக்காதீர்கள். நாலரை வருடம் முடிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் ஐந்து வருடமாகி கிராஜுவிட்டி வரும், 26 வாரப் பிரசவ லீவும் அந்தக் கணக்கில் சேரும். லீவில் இருக்கும்போது நிர்வாகமாக உங்களை வேலையை விட்டு எடுக்கவும் முடியாது, அது சட்டவிரோதம்.

மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்று ஈஎஸ்ஐயில் (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) இருப்பவர்களுக்கு 26 வாரப் பணமும் அங்கிருந்துதான் வரும். "உன் லீவால் கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா" என்று மேனேஜர் சொன்னால், உங்கள் சம்பளத்தை அவர் கொடுக்கவில்லை என்று நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அரசு ஊழியர்களோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள். தமிழக அரசில் 2021 ஜூலையிலிருந்து ஒரு வருடம், அது தனியாருக்கு வரும் நாள் வந்தால் முதலில் நான் சந்தோஷப்படுவேன்.

எப்போது கேட்பது? ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்த கையோடு. முதலில் வாயால் சொல்லுங்கள், அன்று மாலையே மெயில் போடுங்கள். நீளமாக வேண்டாம். "மார்ச் 3 முதல் ஆகஸ்ட் 31 வரை 182 நாள் மகப்பேறு விடுப்பு எடுக்கிறேன். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 31 வரை காலை 9.30 முதல் 1.30 வரை வர அனுமதி கேட்கிறேன். என் வேலைகளை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற பட்டியலை இணைத்திருக்கிறேன்." இவ்வளவுதான். முதல் வரியில் "எடுக்கிறேன்", இரண்டாவது வரியில்தான் "கேட்கிறேன்". எனக்கு மூன்று நாள் பதில் வரவில்லை. அதே மெயிலுக்குக் கீழே மறுபடி எழுதினேன், புது மெயில் போடவில்லை, தேதியெல்லாம் வரிசையாக ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று. ஐந்தாம் நாள் பதில் வந்தது, இரண்டு மாதம் கேட்டதற்கு ஒன்றரை மாதம் கொடுத்தார்கள்.