பூனை படுக்கும் பிஎஸ்4: தலவாக்கலையில் பதினான்கு மாதம்

மகனுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். ஓ லெவல் முடிந்து மாதக்கணக்கில் சும்மா இருப்பான், கிரிக்கெட் கேம் ஒன்று போட்டுக்கொடுத்தால் டவுனில் சுற்றமாட்டான் என்று ஒரு கணக்கு. ஹட்டனில் ஒரு கடையில் பாவித்த பிஎஸ்4 ஸ்லிம் (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி, அதில் மெல்லிய மாடல்), இரண்டு கன்ட்ரோலர், 'கிரிக்கெட் 22' டிஸ்க், எல்லாம் சேர்த்து 62 ஆயிரம் இலங்கை ரூபாய். பதினான்கு மாதம் ஆகிறது. அவன் கிரிக்கெட் ஆடிய நேரத்தைவிட நாங்கள் அதில் படம் பார்த்த நேரம்தான் கூட. அதனால் கேமைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை அவனே எழுதட்டும்.

எங்கள் டிவி 32 இன்ச், ஸ்மார்ட் டிவி கிடையாது. டிஷ் பெட்டி மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின்னில் ஓடுகிறது. படமும் சத்தமும் ஒரே வயரில் வரும் எச்டிஎம்ஐ துவாரம் ஒன்றுதான் இருந்தது, அது பல வருடம் தூசி பிடித்துக் கிடந்தது. பிஎஸ்4இல் அந்தப் பழைய மூன்று பின் வழி கிடையாது, எச்டிஎம்ஐ மட்டும்தான். பெரிய முதுகு வைத்த பழைய டிவி வீட்டில் இருக்கிறவர்கள் இதை முதலில் கவனியுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வீடியோ கேசட் போடும் டெக் ஞாபகம் இருக்கும். தீபாவளிக்கு லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்குக் கொண்டுவந்து, விடிய விடிய மூன்று படம். கேசட்டைப் பொறுக்கி எடுத்துவந்த அண்ணனுக்கு அன்றைக்கு இருந்த மரியாதை பெரிய துரைக்கும் இருக்காது. அந்த டெக்கின் பேரப்பிள்ளை மாதிரித்தான் எனக்கு இந்தக் கறுப்புப் பெட்டி. கம்பெனிகளும் இப்படித்தான் நினைத்துச் செய்திருக்கின்றன. 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடி போட்டது. கேம் ஆடாத வீட்டிலும் டிவிடி பார்க்க அதை வாங்கினார்கள். 2006இல் பிஎஸ்3, டிவிடிக்கு அடுத்த தலைமுறை டிஸ்க்கான புளூரே கொண்டுவந்தது. 2013இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிமுகப்படுத்தியபோது கேபிள் பெட்டியையே அதற்குள் செருகிப் பார்க்கலாம் என்று டிவி பேச்சாகவே பேசினார்கள். கேம் ஆடுகிறவர்களுக்கு எரிச்சல். கடைக்கு வந்தபோது அந்தப் பெட்டி 499 டாலர், அதே மாதம் கடைக்கு வந்த பிஎஸ்4 399 டாலர். அமெரிக்காவில் கேபிள் பெட்டி. நம்ம வீட்டு மஞ்சள் பின்னை அதில் எங்கே போய்ச் செருகுவது?

சரி, நம்ம வீட்டுக்கு வருகிறேன். முதலில் போட்டது எங்கள் கல்யாண டிவிடி. 2009இல் எடுத்தது, இரண்டு டிஸ்க். டிவிடி பிளேயர் செத்த பிறகு அது அலமாரியிலேயே கிடந்தது. பெட்டிக்குள் தள்ளியதும் படம் வரவில்லை. இன்டர்நெட்டில் இணை என்று கேட்டது. பிஎஸ்4இல் டிவிடி, புளூரே பார்க்கும் வசதியை ஒரே ஒரு தடவை இன்டர்நெட் மூலம் திறக்க வேண்டும். கடையில் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் பண்ணிக் கொடுத்திருந்ததால் எங்களுக்கு அந்த வேலை வந்தது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஐந்து நிமிடத்தில் முடித்தோம். அதற்குப் பிறகு இணைப்பே தேவையில்லை. கடைகளில் விற்கிற டிவிடிக்கு மட்டும் ரீஜன், அதாவது எந்தப் பகுதி நாடுகளுக்கு என்று பூட்டியிருக்கும் சிக்கல் ஒன்று உண்டு. டுபாயிலிருந்து வந்த பெட்டியில் இந்தியாவில் வாங்கிய டிவிடி சிலது ஓடாது. கேம் டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை இல்லை, எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும்.

அப்பா விட்டுப்போன பாட்டு சிடி ஒரு கட்டு இருக்கிறது. அதில் ஒன்றுகூட ஓடாது. பிஎஸ்4க்கு சிடி படிக்கவே தெரியாது. பிளேஸ்டேஷன் 2 அழகாகப் பாடும். பதின்மூன்று வருடம் பிந்தி வந்தது பாடாது. இதை எந்த வகையில் முன்னேற்றம் என்பது?

இன்டர்நெட் பக்கம் கதை வேறு. பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும்போது நாட்டைக் கேட்கும். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. இந்தியா, சிங்கப்பூர், அமெரிக்கா என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். கடைத் தம்பி இந்தியா என்று போட்டுத் தந்தார். பிறகு மாற்ற முடியாது, அதனால் யோசித்துப் போடுங்கள். இந்தியக் கணக்கென்றால் இந்திய விலை, இந்திய கிஃப்ட் கார்ட் கோட். ஐரோப்பா டிஸ்க்கை வாங்கிவிட்டு இந்தியக் கணக்கில் அதன் மேலதிகப் பகுதிகளை வாங்கினால் இரண்டும் ஒட்டாது. எந்தெந்த ஆப் கிடைக்கும் என்பதையும் கணக்கின் நாடுதான் தீர்மானிக்கிறது. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் இரண்டும் எங்களுக்கு வந்தன, போதும். நெட்ஃபிளிக்ஸில் என்ன படம் காட்டும் என்பது நாம் உட்கார்ந்திருக்கிற நாட்டைப் பொறுத்தது. ஆக, கணக்கில் நாங்கள் இந்தியா, படத்தில் இலங்கை. மலையகத் தமிழருக்கு இது ஒன்றும் புதுக்கதை இல்லையே!

டேட்டாதான் நிஜமான செலவு. நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். எங்கள் 4ஜி ரவுட்டர் ஜன்னல் கட்டையில், தேயிலை மலையைப் பார்த்தபடி இருக்கிறது; மாதப் பெக்கேஜ் 20ஆம் தேதியே மூச்சுத் திணறும். புரொஃபைலில் டேட்டா அளவை நடுத்தரத்துக்குக் குறைத்தேன், மணிக்கு 0.7 ஜிபி ஆனது. 32 இன்ச்சில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனி, ஆடி மழையில் டிஷ்ஷும் போய்விடும், ரவுட்டரும் சுற்றிக்கொண்டே இருக்கும். அன்றைக்குக் கைகொடுப்பது டிஸ்க்கும் பென் டிரைவும்தான். பென் டிரைவுக்கு மீடியா பிளேயர் என்ற ஆப்பை இலவசமாக இறக்க வேண்டும், கூடவே வராது. பென்னை எக்ஸ்ஃபாட் அல்லது ஃபாட்32 என்ற முறையில் ஃபார்மட் பண்ண வேண்டும். விண்டோஸ் கணினிகளில் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறை என்றால் கண்டுகொள்ளாது. இடம் மிச்சம் பிடிக்க ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கிய வீடியோவும் ஓடாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

சத்தத்துக்கு ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் ஆசையாக வைத்திருக்கிற ஹோம் தியேட்டரில் ஆப்டிகல் வயர் (சத்தத்தை ஒளியாகக் கொண்டுபோகும் வயர்) செருகலாம். பிஎஸ்4இன் முதல் மாடலில் அந்தத் துவாரம் இருக்கிறது, புரோ மாடலில் இருக்கிறது, எங்களிடம் இருக்கிற ஸ்லிம்மில் மட்டும் எடுத்துவிட்டார்கள். இப்போது டிவியின் ஹெட்போன் துவாரத்திலிருந்து சிவப்பு வெள்ளை வயர் போகிறது. கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கினால் முதல் அரை மணி நேரம் அவருக்கு அந்த வயரை ஆட்டிப் பார்ப்பதுதான் வேலை.

அம்மாயிக்கு கன்ட்ரோலர் பிடிக்கவில்லை. "நண்டு மாதிரி இருக்கு, எங்கடி பிடிக்கிறது?" என்றார். கடையில் கொடுத்த இரண்டில் ஒன்றுக்கு வேறு நோய்: கையை எடுத்தாலும் மெனு தானாக மேலே மேலே ஊர்ந்துகொண்டே போகும். திருப்பிக் கொண்டுபோனால், "நம்ம ஊர் கன்ட்ரோலர் டீச்சர், மலை ஏறுது" என்று சிரித்துவிட்டு, குச்சியை மாற்ற 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார் தம்பி. நான் சிரிக்கவில்லை. அம்மாயி பிரச்சினைக்கு செட்டிங்கில் எச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க் என்று ஒன்றை ஆன் பண்ணினேன். ஒத்துப்போகிற டிவியாக இருந்தால் டிவி ரிமோட்டின் அம்புப் பொத்தானிலேயே மெனுவில் நகரலாம். மெனுவுக்குத் தமிழ் இல்லை. அம்மாயி படத்தைப் பார்த்தே பழகிவிட்டார்: சிவப்புக் கட்டம் யூடியூப், அதில் மூன்றாவதாக வருவது முருகன் பாட்டு.

கரண்ட். ஊருக்குள்ளேயே மேல் கொத்மலை அணை, 150 மெகாவாட். ஆனாலும் காற்றடித்தால் எங்கள் தெருவில் லைட் போகும். பெட்டி ஓடும்போது பட்டென்று போனால், அடுத்த முறை 'ஒழுங்காக அணைக்கவில்லை' என்று கண்டித்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்த பிறகுதான் திறக்கும். பள்ளிக்கூடத்தில் நான் பேசுகிற தொனி. இடி மின்னல் என்றால் பிளக்கைக் கழற்றிவிடுகிறோம்.

பூனை விஷயத்தை மறந்துவிட்டேன். மார்கழிக் குளிரில் வீட்டிலேயே சூடான இடம் பிஎஸ்4இன் முதுகுதான் என்று அது கண்டுபிடித்துவிட்டது. ஆறு மாதத்தில் ஃபேன் சத்தம் தேயிலைத் தொழிற்சாலை மாதிரி ஆனது. திறந்து துப்புரவாக்கிய தம்பி, உருட்டி எடுத்த முடியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், குட்டிப் பூனை அளவுக்கு இருந்தது. இப்போது மேலே ஒரு தட்டு அடித்து, பூனைக்கு அங்கே சாக்கு விரித்திருக்கிறோம்.

யூடியூப் மட்டும் போதும் என்றால் இது வேண்டாம், சின்ன ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்று இதன் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கும். வீட்டில் ஆடுகிற பிள்ளையும், டிவிடிக் கட்டும், எச்டிஎம்ஐ துவாரம் உள்ள பழைய டிவியும் சேர்ந்து இருந்தால் வாங்கலாம். புதிதாக பிஎஸ்5 வாங்கப் போகிறவர்கள், காசு குறைகிறதே என்று டிஸ்க் போட முடியாத மாடலை எடுக்காதீர்கள். இங்குள்ள சிக்னலில் ஒரு கேமை இறக்கி முடிப்பதற்குள் பெக்கேஜ் காலி. டிஸ்க்கென்றால் ஆடி முடித்து மாற்றிக்கொள்ளலாம். என் மகன் டிக்கோயாவில் ஒரு கூட்டாளியோடு அப்படித்தான் ஆறு கேம் ஆடிவிட்டான், காசு கொடுத்தது இரண்டுக்கு.

போன கிழமை ஃபேனுக்காக மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். "45க்குத் திருப்பி எடுத்துக்கிறேன் டீச்சர், மேல போட்டு பிஎஸ்5 எடுங்க" என்றார் தம்பி. வேண்டாம், பழைய பிளேஸ்டேஷன் 2 வந்தால் மட்டும் சொல்லுங்கள், அப்பாவின் சிடி போட வேண்டும் என்றேன். நம்பரை எழுதிக்கொண்டார்.