கேம்பிரிட்ஜ் நடைச்சுற்று: மூன்றரை நட்சத்திரம்

மகளைப் பார்க்க வந்த இடத்தில், ஒரு சனிக்கிழமை இந்தச் சுற்றில் சேர்ந்தேன். ரெண்டு மணி நேரம், தலைக்கு 25 பவுண்டு. முப்பது வருஷம் கல்லூரியில் வரலாறு எடுத்தவள் நான், வழிகாட்டிகளைச் சும்மா விடமாட்டேன்.

பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மண்டபமான செனட் ஹவுஸ் எதிரே நிறுத்தி எங்கள் வழிகாட்டிப் பெண் சொன்ன கதைக்கே காசு சரியாப் போச்சு. 1897-ல் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று ஓட்டெடுப்பு. எதிர்த்த மாணவர்கள், சைக்கிளில் உட்கார்ந்த பெண் பொம்மையைச் செய்து எதிர்க் கடை மாடி ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பட்டம் கிடைத்தது 1948-ல். ஆனால் 1939-லேயே டோரதி கேராட் அங்கே தொல்லியல் பேராசிரியர்! ஆண்களுக்குப் பாடம் எடுக்கலாம், பல்கலைக்கழக விவகாரத்தில் ஓட்டு மட்டும் கிடையாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

நிறத்தைப் பற்றித்தான் வாயே திறக்கவில்லை. 1853-ல் குவீன்ஸ் கல்லூரியில் பட்டம் வாங்கிய கறுப்பர் அலெக்ஸாண்டர் கிரம்மல். அந்த வாசலைத் தாண்டித்தான் போனோம். கேட்டதற்கு "நேரமில்லைங்க" என்கிற மாதிரி ஒரு புன்னகை. பிரிட்டனில் ஒரு கறுப்பினப் பெண் வரலாற்றுப் பேராசிரியரானதே 2018-ல்தான்: ஒலிவெட் ஒட்டேல், பாத் ஸ்பா பல்கலைக்கழகத்தில். இதைச் சொல்ல அரை நிமிஷம் போதாதா? அரை நட்சத்திரம் அங்கேதான் போனது.

இன்னொரு நட்சத்திரம் என் முட்டிக்காக. கல் பாவிய தெரு, நடுவில் உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை.