எம்ஜிபி கதவைத் தூக்கிச் சாத்திய நாலு வருஷம்

ஊரில் பழைய வீட்டுக் கதவு இறங்கிவிட்டால் என்ன செய்வோம்? ஒரு கையால் லேசாகத் தூக்கிச் சாத்துவோம். வருஷக்கணக்கில் அப்படியே காலம் ஓடும், விருந்தாளிக்கும் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுப்போம். என்னுடையது 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், துணிக் கூரை போட்ட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதன் ஓட்டுநர் பக்கக் கதவை நாலு வருஷம் நான் அப்படித்தான் சாத்தினேன். தூக்கிச் சாத்தாவிட்டால் பூட்டு வந்து ஸ்ட்ரைக்கரில், அதாவது அது மாட்டிக்கொள்ள வேண்டிய பாடிப் பக்கத்துக் கொக்கியில், இடித்து நிற்கும். "பேசாமல் கதவைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுங்கள்" என்றாள் என் மனைவி. அது கிண்டல்தான், ஆனால் ஒருமுறை நான் அதையும் யோசித்துப் பார்த்தேன்.

இந்த விமர்சனம் அந்தக் கதவைச் சரிசெய்து கொடுத்த பட்டறையைப் பற்றியது. இங்கிலாந்தில், ஊருக்கு வெளியே ஒரு பண்ணையின் பின்னால் தகரக் கொட்டகை, ஒரே ஆள். பெயர் போட வேண்டாம், ஏற்கெனவே ஐந்து வண்டி வரிசையில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. சுற்றுவட்டாரத்தில் எம்ஜி வைத்திருக்கும் இரண்டு பேரிடம் விசாரித்தால் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பான கராஜ், காபி எல்லாம் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் கதவு சரியாகிவிட்டது என்று சாவியைக் கையில் கொடுத்தார்கள், 90 பவுண்டு. உண்மையிலேயே கதவு அழகாகச் சாத்தியது. இரண்டே வாரம். அப்புறம் பழையபடி தட்டல், கடகட சத்தம், பூட்டு ஒரு பக்கமாகத் தேய்ந்து வெள்ளையாக மின்ன ஆரம்பித்தது. அவர்கள் செய்தது இவ்வளவுதான்: கதவு இறங்கிய அளவுக்கு ஸ்ட்ரைக்கரையும் இறக்கி வைத்துவிட்டார்கள். செருப்பு கடிக்கிறது என்றால் காலைச் செதுக்குகிற கதை.

இந்த மனிதர் முதல் அரை மணி நேரம் ஸ்பேனரையே தொடவில்லை. கதவைப் பாதி திறந்து, பின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே என்னைக் கீலில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். மேல் கீலில் ஊசி தன் துளைக்குள் டொக் டொக் என்று ஆடுவது விரலுக்கே தெரிந்தது. சரி, கீல் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிட்டால் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் விடவில்லை.

எம்ஜிபிக்கு அடியில் பாடியைத் தாங்கும் சேசிஸ் என்ற தனிச் சட்டம் கிடையாது. ரோட்ஸ்டருக்கு மேலே இரும்புக் கூரையும் இல்லை. அதனால் வண்டியை நடுவில் மடங்காமல் நிமிர்த்திப் பிடித்திருப்பதில் பெரும்பங்கு இரண்டு பக்கமும் கதவுக்கு அடியில் ஓடும் 'சில்' என்ற பகுதிக்கு. உள் தகடு, நடுத் தகடு, வெளித் தகடு என்று மூன்று அடுக்கு. அது துருப்பிடித்துப் போனால் வண்டி நடுவில் தொய்யும், கதவின் பின்பக்கம் கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி மேலே நெருங்கிக் கீழே விரியும். விஷயம் என்னவென்றால், கீல் தேய்ந்தாலும் பின்னால் இதே கோலம்தான். பின்பக்கத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. முன்பக்க இடைவெளியைப் பார்க்க வேண்டும்: பாடி தொய்ந்திருந்தால் கீல் இருக்கும் தூணும் கதவும் சேர்ந்தே சாயும், அதனால் முன்பக்கம் மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக இருக்கும். மேல் கீல் தேய்ந்திருந்தால் முன்பக்கத்திலும் மேலே வாய் பிளந்திருக்கும். எனக்குப் பிளந்திருந்தது. அதோடு நிறுத்தாமல் ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவைச் சாத்தித் திறந்து, இடைவெளி மாறுகிறதா என்றும் பார்த்தார். மாறவில்லை. அப்பாடா என்று இருந்தது, ஏனென்றால் மாறியிருந்தால் இது கதவு வேலை இல்லை, வெல்டிங் வேலை, பில்லில் ஒரு சைபர் கூடியிருக்கும். சில் மாற்றும்போது கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி கொடுத்துத் தாங்காமல் வெட்டிவிட்டு, வாழைப்பழம் மாதிரி வளைந்துபோன ரோட்ஸ்டர்கள் நிறைய உண்டாம்.

அப்புறம்தான் வேலை. ஸ்ட்ரைக்கரையும் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரையும் முதலில் கழற்றி வைத்தார். கதவு தன் இயல்பில் எங்கே வந்து நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும் என்றார். கீலைத் தூணோடு பிடிக்கும் ஸ்க்ரூக்கள்தான் இந்த வண்டியின் சாபக்கேடு. ஐம்பது வருஷத் துரு, மேலே நாலு கோட் பெயிண்ட். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் தலை வழுக்கிப் போகும், அதற்கப்புறம் துளை போட்டு எடுக்க வேண்டியதுதான். அவர் தலையில் இருந்த பெயிண்டைச் சுரண்டி, எண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரால் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரே ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரு மணி நேரம் ஆனது. மேல் கீலின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி அதற்கேற்ற பருத்த ஊசி போட்டார். எம்ஜிபி ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி, முழு பாடிஷெல்லே, அதாவது இன்ஜின் சக்கரம் இல்லாத வெறும் உடலே, 1988 முதல் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்பதால் புதுக் கீலும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் நல்ல இரும்பைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை.

தூணுக்குள் ஸ்க்ரூக்கள் பிடிக்கும் தகடு கொஞ்சம் நகரக்கூடியது. அந்தக் கொஞ்சத்தில்தான் முழுச் சரிக்கட்டலும். கதவின் அடியில் துணி சுற்றிய கட்டையும் ஜாக்கியும், மறுமுனையில் நான். ஒரு மயிரிழை நகர்த்துவார், சாத்துவார், 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டை இடைவெளியில் ஓட்டிப் பார்ப்பார், மறுபடியும் தளர்த்துவார். கீலுக்கு நடுவில் கட்டையைக் கொடுத்துக் கதவை அழுத்தி வளைக்கும் குறுக்குவழியைப் பற்றிக் கேட்டேன். பதில் சொல்லவில்லை, முறைத்தார். கடைசியாகத்தான் ஸ்ட்ரைக்கர், கதவு எங்கே வருகிறதோ அங்கே.

இப்போது இரண்டு விரலால் தள்ளினால் க்ளக் என்று சாத்துகிறது. ஐந்து மாதம், சுமார் 2,000 மைல் ஆகிவிட்டது, அசையவில்லை.

குறைகளும் உண்டு. போனை எடுக்கமாட்டார், நேரில்தான் போக வேண்டும். இரண்டு நாள் என்றார், ஒன்பது நாள் ஆனது. ஸ்க்ரூக்களைச் சுற்றிப் பெயிண்ட் உதிர்ந்ததை அப்படியே விட்டுவிட்டார், நான்தான் தூரிகை எடுத்துத் தொட்டுவைத்தேன். பழைய ரப்பரை மாற்றச் சொன்னால், புது ரப்பர் தடியாக இருக்கும், கதவை வெளியே தள்ளும் என்று பழசையே மாட்டிவிட்டார். அவர் சொன்னது சரிதான், ஆனால் மழையில் என் வலது முழங்கால் நனைகிறது.

340 பவுண்டு. முதல் கராஜை விட நாலு மடங்கு கிட்ட, எனக்கு வருத்தமில்லை. கதவின் ஜன்னலுக்குக் கீழே, முன்னால் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடியின் பின்முனையில், தகட்டில் ஒரு மெல்லிய விரிசல் தொடங்கியிருப்பதையும் அவர்தான் காட்டினார். எம்ஜிபிக்குப் பேர்போன விரிசல் அது. ஓங்கி அறைந்து சாத்துவது அதற்கு நல்லதில்லையாம். நாலு வருஷம் அறைந்தவன் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த விரிசலை வெல்டிங் செய்ய அக்டோபரில் வரச் சொல்லியிருக்கிறார். எந்த அக்டோபர் என்று சொல்லவில்லை.