தாது லாரிக்கு மட்டும் புத்தி வரவில்லை: 'கமாண்ட் அண்ட் கான்கர்' ரீமாஸ்டர் அனுபவம்

'கமாண்ட் அண்ட் கான்கர் ரீமாஸ்டர்டு கலெக்‌ஷன்' தள்ளுபடியில் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பழைய கணினிப் போர் விளையாட்டுகள் இரண்டைப் புதுப்பித்த தொகுப்பு அது. 2020 ஜூனில் வெளியானதிலிருந்து விட்டுவிட்டு ஆடிவருகிறேன். 1995இல் வந்த முதல் விளையாட்டும், 1996இல் வந்த 'ரெட் அலர்ட்'டும் கூடுதல் தொகுப்புகளோடு அதில் இருக்கின்றன என்பது அவருக்கே தெரியும். எனவே நேராகத் தாது லாரிக்கு வருகிறேன்.

ரெட் அலர்ட்டில் பணம் என்றால் தாதுதான். லாரி வயலுக்குப் போய் அள்ளி வந்து சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டினால்தான் அடுத்த டாங்கி. பக்கத்து வயல் காலியானதும் அது தானாகவே அடுத்த வயலைத் தேடிப் புறப்படும். வினை அங்கேதான் தொடங்குகிறது. என் படைகள் வடக்கே மோதிக்கொண்டிருக்கும். வரைபடத்தின் மறுமூலையில் லாரி தன்னந்தனியாகப் பாலத்தைக் கடந்து எதிரியின் டெஸ்லா காயிலை, அதாவது மின்னல் பாய்ச்சும் கோபுரத்தை, நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். காயிலின் உச்சியில் வெளிச்சம் ஏறும். லாரி நிற்காது, திரும்பாது. சில மின்னல் வெட்டுகளுக்குப் பின் கரும்புகைதான் மிச்சம். 1,400 கொடுத்து இன்னொன்றைச் செய்து அனுப்பினால், அதுவும் அதே பாலத்தில் ஏறி அதே காயிலிடம் போகிறது.

காரணத்தைச் சொல்லாமல் திட்டுவது நியாயமில்லை. இது பழைய விளையாட்டைப் பார்த்துப் புதிதாக எழுதியது அன்று. 90களில் இவற்றை உருவாக்கிய வெஸ்ட்வுட் நிறுவனம் எழுதிய நிரலே இன்னும் அடியில் ஓடுகிறது. வண்டி எந்தப் பக்கம் திரும்பும், குண்டு எவ்வளவு சேதம் செய்யும் என்ற கணக்கெல்லாம் அதனுடையது. படத்தையும் ஒலியையும் மட்டும் மேலே புதிய இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. வெஸ்ட்வுட்டில் இருந்தவர்கள் 2003இல் தொடங்கிய பெட்ரோகிளிஃப் நிறுவனம்தான் இதைச் செய்தது. சொந்தக் கையெழுத்தை அவர்கள் மதித்திருக்கிறார்கள்.

அந்த மரியாதையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தனி ஆட்டத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். திரை நொடியில் பழைய படத்துக்குப் போய்விடும். அதே டாங்கி, அதே இடம், அதே திசை, ஆனால் எல்லாம் கட்டம் கட்டமாக. மறுபடி தட்டினால் சங்கிலிச் சக்கரத்தின் ஒவ்வொரு பட்டையும் தெரிகிறது. ஆட்டம் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறது. முன்பு நாலைந்து புள்ளிகளாக நின்ற சிப்பாயின் கையில் இருப்பது இன்ன ஆயுதம் என்று இப்போது சொல்ல முடிகிறது. மலேசியாவின் லெமன் ஸ்கை கலைஞர்கள், முப்பரிமாணத்துக்கு மாற்றுகிறேன் என்று கிளம்பாமல், பழைய அளவுக்கும் கோணத்துக்கும் கட்டுப்பட்டுப் புதிய படங்களைச் செய்திருக்கிறார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் காரணமே இல்லாமல் அந்த விசையைத் தட்டிப் பார்க்கிறேன்; ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது. பழைய விளையாட்டுகளுக்கு இசையமைத்த ஃபிராங்க் கிளபாக்கியே மீண்டும் பதிவு செய்த இசை அருமை. காணொளிக் காட்சிகளின் மூலப்பதிவு கிடைக்காததால் இருந்ததைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். முகங்கள் கொஞ்சம் மெழுகியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

பழைய குறைகள் அத்தனையையும் நீக்க வேண்டும் என்பது என் கட்சி இல்லை. முதல் விளையாட்டில் மணல்மூட்டைகளை அடுக்கியே எதிரியின் வாசலை அடைத்துவிடலாம், கணினிக்கு அவற்றைச் சுடத் தோன்றாது. அந்த ஓட்டையை விட்டுவைத்தது சரிதான். ஆடியவர்கள் அதைக் கண்டுபிடித்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, தந்திரமாக மாற்றிக்கொண்டார்கள். லாரியின் மடமையால் எந்தத் தந்திரமும் பிறக்கவில்லை. அதைக் காப்பாற்றி யாருக்கு என்ன லாபம்?

பழையதில் கைவைக்கக் கூடாது என்ற வாதமும் இங்கே எடுபடாது. முன்பு ஒரு டாங்கி முடிந்த பிறகுதான் அடுத்ததற்கு உத்தரவிட முடியும்; இப்போது வரிசையாகக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். போரின் வேகத்தையே மாற்றும் திருத்தம் இது. வலது கிளிக்கில் படையை நகர்த்தலாம். முதல் விளையாட்டில் இல்லாத ஸ்கர்மிஷ், அதாவது கதை இல்லாமல் கணினியோடு மோதும் தனிப்போர், சேர்ந்திருக்கிறது. பிறகு வந்த திருத்தத் தொகுப்பு (பேட்ச்) ஒன்றில் லாரியையே தொட்டார்கள்: காலியாக இருக்கும் சுத்திகரிப்பு நிலையமாகப் பார்த்துப் போக அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியைத் திருத்தியவர்கள், சாகப் போகும் வழியை அப்படியே விட்டுவிட்டார்கள். பாதிக் கிணறு தாண்டியதுபோல்தான். வழியில் எதிரியைக் கண்டால் சுட்டுக்கொண்டே முன்னேறச் சொல்லும் உத்தரவும் கிடையாது. பின்னாளில் வந்த எந்த வியூக விளையாட்டிலும் அது சாதாரணம்.

வெளியான 2020இலேயே, இதை வெளியிட்ட ஈஏ நிறுவனம் இரண்டு விளையாட்டுகளின் நிரலையும், யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிட்டது. பெரிய மனதோடு செய்த காரியம். அதை வைத்து ரசிகர்கள் மாற்றங்கள் செய்து பகிர்கிறார்கள், லாரிக்குப் புத்தி புகட்டும் மாற்றங்களும் உண்டு. அவர்களுக்கு நன்றி. ஆனாலும் காசு கொடுத்து வாங்கியவன் அதைத் தேடிப்பிடித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறதே என்ற ஆற்றாமை போகவில்லை.

இன்னொரு பக்கம், இதே விளையாட்டுகளைத் தன்னார்வலர்கள் புதிதாக எழுதிய ஓப்பன்ஆர்ஏ இருக்கிறது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சுட்டபடி முன்னேறும் உத்தரவு அதில் உண்டு. படைகளின் பலாபலத்தையும் தங்கள் விருப்பப்படி மாற்றியிருக்கிறார்கள், அதனால் பழைய ஆட்டத்தின் ருசி முழுதாகக் கிடைக்காது. அழகில் ரீமாஸ்டரின் பக்கத்தில் அது நிற்க முடியாது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். ஓப்பன்ஆர்ஏவை இறக்கி ஆடுங்கள். நேற்றிரவு நேச நாடுகளின் பக்கம் நின்று, ஜெயித்திருக்க வேண்டிய ஒரு கட்டத்தை லாரி இல்லாமல், காசு இல்லாமல் தோற்றேன். இன்று என் வாயிலிருந்து வேறு பதில் வராது.

கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், வயல் தீரும் வரை காத்திருக்க வேண்டாம். பாதி காலியானதுமே லாரியை நீங்களே தேர்ந்தெடுத்து, பாதுகாப்பான அடுத்த வயலில் கொண்டுபோய் விடுங்கள். பாலத்தை உடைக்க முடிந்தால் முதலில் அதை உடையுங்கள்.