காப்பர் ஃபாயில் டேப்: பசையைச் சோதித்து வாங்குங்கள்

திருவிழா மேடையில் சீரியல் லைட்டுக்குப் பக்கத்திலேயே மைக், பாட்டு ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரும் இருக்கும். மிக்ஸர் பெட்டி பிளாஸ்டிக் என்றால், லைட்டுக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட்டின் கீச்சும் செல்போனின் டிர்ர்ரும் ஸ்பீக்கரில் வந்துவிடும். பெட்டியின் உள்பக்கம் ஒட்டும் காப்பர் ஃபாயில் டேப் இதற்கு நல்ல மருந்து. ஆனால் மதுரைக் கடைகளில் கேட்டால் இரண்டு விதச் சரக்கும் கைக்கு வரலாம்: பசை மின்சாரம் கடத்துவது ஒன்று, கடத்தாதது ஒன்று. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கையில் மின்தடை அளக்கும் மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். ஐந்து செ.மீ. துண்டு இரண்டு வெட்டி, ஒன்றின் நுனிமேல் மற்றதை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேயுங்கள். ஒட்டிய இடத்தைத் தொடாமல், இரு கடைசியிலும் மீட்டரின் புரோபை வையுங்கள். ஒட்டின இடத்திலேயே குத்தினால் முனை பசையைத் துளைத்து, மட்டமான டேப்பும் நல்லதாகக் காட்டும். ஒரு ஓமுக்குள் நின்றால் வாங்கலாம். எண் ஆடினாலோ ஓப்பன் (இணைப்பே இல்லை) என்று காட்டினாலோ அது அலங்கார வேலைக்குத்தான்.

ஒட்டுவதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடையுங்கள். துண்டுக்குத் துண்டு 5 மி.மீ. மேலேறட்டும். ஓட்டையின் பரப்பைவிட இடுக்கின் நீளம்தான் ஆபத்து. மயிரிழை இடுக்கும் நீளமாக இருந்தால் ஆன்டெனா ஆகிவிடும். அதனால் இணைப்பின்மேல் 3 செ.மீ.க்கு ஒரு சால்டர் பொட்டு வையுங்கள். 25 வாட் சால்டரிங் இரும்பைச் சட்டென்று தொட்டு எடுக்க வேண்டும், தாமதித்தால் பிளாஸ்டிக் குழிந்துவிடும். ஃபாயிலிலிருந்து ஒரே ஒரு ஒயர் கிரவுண்டுக்குப் போதும். சர்க்யூட் போர்டின் சால்டர் முனைகள் எதிரே வரும் இடத்தில், ஷார்ட் ஆகாமல் இருக்க, மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப் கட்டாயம். ஃபாயிலில் வியர்வைக் கை பட்ட இடம் பின்னால் கறுத்துவிடும்.

மடங்கி மடங்கி நிமிரும் ரிப்பன் கேபிளுக்குக் காப்பர் ஃபாயில் வேண்டாம், விரிசல் விடும். அங்கே நிக்கல்-காப்பர் பூசிய துணி டேப்தான் சரி. அதில் சால்டர் போட்டால் பாலியெஸ்டர் உருகும். வெட்டின ஓரத்தில் பிரியும் நூலும் மின்சாரம் கடத்தி ஷார்ட் அடிக்கும்.

ஏசி கடை அலுமினியம் டேப் மலிவு. சாதாரணச் சால்டர் அதில் பிடிக்காது, பசையும் பொதுவாகக் கடத்தாது.

ஒன்றை மட்டும் இந்த டேப்புகள் எதுவும் தடுக்காது: டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் தரும் ம்ம்ம் சத்தம். 50 ஹெர்ட்ஸில் அந்தப் புலம் செம்புக்குள் 9 மி.மீ.க்கு மேல் ஊடுருவும், டேப்போ 0.05 மி.மீ. தடிமன்கூடப் பல நேரம் இருக்காது. அதற்கு மேலும் மேலும் ஒட்டிக் காசை விடாமல், டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைத்து, 90 டிகிரி திருப்பிப் பாருங்கள்.